பிசிக்ஸ் ஸ்பெஷலா, ஜெனரலா? ஃபர்ஸ்ட் இயர்ல அடி வாங்குன தம்பி தங்கச்சிகளுக்கு

ஹட்டன், பதுளைப் பக்கம் இருந்து பேராதனை கெம்பஸுக்கு வந்த புள்ளைங்க முதல் செமஸ்டர் ரிசல்ட் பாத்ததும் கேக்குறது இதுதான், பிசிக்ஸ விட்ரலாமா? விடுறதுக்கு முன்னாடி ரெண்டு வழியையும் பாருங்க: ஜெனரல்னா பல பாடம் சேந்த டிகிரி, ஸ்பெஷல்னா பிசிக்ஸ ஆழமாப் படிக்கிற ஹானர்ஸ் டிகிரி.

வருஷம்: ஜெனரல் 3, ஸ்பெஷல் 4. அதாவது 90 கிரெடிட், 120 கிரெடிட். கூட ஒரு வருஷம் போடிங் காசு, சாப்பாடு, வீட்டுல அம்மா கொழுந்து பறிச்சு அனுப்புற காசுன்னா இது சின்ன விஷயமில்ல.

கஷ்டம்: ஏ.எல்.ல (உயர்தரத்துல) எளிய ஊசலுக்கு வரைபு கீறி படித்திறன் (கோட்டோட சரிவு) எடுத்தா g, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகல், வந்துரும். இங்க அதே ஊசலுக்கு வகையீட்டுச் சமன்பாடு எழுதச் சொல்லுவாங்க, அதுவும் இங்கிலீஷ்ல, தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு எது புரியலன்னே புரியாது. முக்காவாசிப் பேருக்கு பிரச்சினை பிசிக்ஸ் இல்ல, கணக்கும் பாஷையும்தான்னு நான் சொல்லுவேன், ரெண்டும் பழகுனா வந்துரும். ஜெனரல்லயும் இதுலருந்து தப்ப முடியாது, ஆனா குவாண்டம் மாதிரி பாடங்கள்ல அவ்வளவு ஆழமா போக மாட்டீங்க, ரிசர்ச் புரொஜெக்ட் தலைவலியும் குறைவு.

வேலை: டீச்சிங்குக்கு ஜெனரலே போதும், தோட்டப் பள்ளிக்கூடங்கள்ல சயன்ஸ் டீச்சருக்கு எவ்வளவு தட்டுப்பாடுன்னு உங்களுக்கே தெரியும். வெளிநாட்டுல பிஎச்டி, கெம்பஸ்ல லெக்சரர்னா ஸ்பெஷல்.

லேப்ல நேரம் போறதே தெரியலன்னா மார்க்ஸ் சுமாரா இருந்தாலும் ஸ்பெஷலுக்கு ட்ரை பண்ணுங்க, ஆனா ஜிபிஏ பாத்துதான் எடுப்பாங்க. சீக்கிரம் சம்பளம் வேணும்னா ஜெனரல், யாரு என்ன சொன்னாலும் கண்டுக்காதீங்க.