வேலூர்ல வாடகைக்கு விட வீடு வாங்கணும்னா காட்பாடியா, பாகாயமா?

ரிட்டயர்மென்ட் காசுல வீடு வாங்கி கீழ நாங்க இருந்துகினு மேல் போர்ஷன வாடகைக்கு விடலாம்னு முடிவு பண்ணப்ப எங்க வீட்டுல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. மச்சான் காட்பாடின்னாரு, நான் பாகாயம்னேன். 2021ல பாகாயத்துல தான் வாங்கினேன், அதனால என் தராசு ஒரு பக்கம் சாஞ்சு தான் இருக்கும், இப்பவே சொல்லிடறேன்.

குடி வர்றதுக்கு ஆளுங்க ரெண்டு பக்கமும் வந்துனே தான் இருக்காங்க. காட்பாடிப் பக்கம், 1984ல 180 பசங்களோட ஆரம்பிச்ச இன்ஜினியரிங் காலேஜ் தான் இன்னிக்கு விஐடி, ஆந்திரா, பீகார், டெல்லின்னு எந்த ஊரு பையன் இல்ல அங்க. இந்தப் பக்கம் 1900ல ஐடா ஸ்கடர் ஒத்தக் கட்டில் போட்டு ஆரம்பிச்ச சிஎம்சி. ஆஸ்பத்திரி டவுன் நடுவுல, மெடிக்கல் காலேஜ் பாகாயத்துல. ரயிலுக்கு காட்பாடி தான் வசதி, ஆனா ஒண்ணாம் நம்பர் ரெண்டாம் நம்பர் பஸ் காட்பாடியையும் பாகாயத்தையும் தான் கட்டிப் போட்டு வச்சிருக்கு, அது பெரிய விஷயமில்ல. வெயில் ரெண்டு எடத்துலயும் ஒரே வெயில்.

விஷயம் என்னன்னா, வர்றவங்க எத்தன மாசம் இருப்பாங்க, போறப்ப வீட்ட எப்படி விட்டுட்டுப் போவாங்க. எங்க சித்தப்பா காட்பாடிப் பக்கம் பிரம்மபுரத்துல காலேஜ் பசங்களுக்கு தான் விடறாரு. ஆளுக்கு 3,500, நாலு பேருக்கு 14,000. எனக்கு ஒரு குடும்பம், 9,000. கேக்கும்போதே சித்தப்பா கெலிச்சிட்டாருன்னு தோணும். ஆனா மே மாசம் பசங்க காலி பண்ணா ஜூலை வரைக்கும் டூலெட் போர்டு தான், ஆக பத்து மாசத்துக்கு 1,40,000. எனக்கு பன்னெண்டு மாசத்துக்கு 1,08,000. மிச்சம் 32,000ல வருஷா வருஷம் பெயின்டிங்கே 18,000 போயிடுது, ஏன்னா சுவத்துல போஸ்டர் ஒட்டின டேப்ப உரிச்சா சுண்ணாம்பும் சேந்து வருது, அப்பறம் குழாய், தாப்பா, பிளம்பர், மார்ச்சுல போர் எறங்கிடுச்சுன்னா லாரித் தண்ணி, நாலு பசங்க நாலு தடவ குளிக்கறான் (பாலாத்துல தண்ணி போறது நம்ம ஊர்ல திருவிழா மாதிரி, 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்ப பாலத்துல நின்னு பாக்காத ஆளே இல்ல). கடைசில கையில நிக்கறது ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

அதோட நின்னுருந்தா நானும் காட்பாடியே வாங்கியிருப்பேன். 2020 மார்ச்சுல ஒரு வாரம் லீவுன்னு நெனச்சு சித்தப்பா வீட்டுப் பசங்க பூட்டிட்டு ஊருக்குப் போனாங்க. மாசக்கணக்குல வரல, வாடகையும் வரல. ஜூன்ல நாத்தம் தாங்காம பூட்ட ஒடச்சு உள்ள போனோம், ரைஸ் குக்கர்ல சோறு கறுப்பா தோல் மாதிரி ஆயி ஒட்டிகினு இருக்கு, ஜன்னல் ஓரத்துல முட்ட அட்ட, அதுல ஏழு முட்ட. அந்தக் குக்கர நான் தான் தூக்கினு போய் போட்டேன். அதே சமயம் பாகாயத்துல நர்சுங்க, லேப்ல வேல செய்றவங்க குடியிருந்த வீடெல்லாம் ஒரு மாசம் கூட காலியாகல, ஆஸ்பத்திரிக்கு லீவு ஏது.

இன்னொண்ணு, சிஎம்சியோட மனநல மையமும் முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கான மறுவாழ்வு மையமும் பாகாயத்துல தான். அங்க வர்ற குடும்பங்க லாட்ஜுல தாக்குப் பிடிக்க முடியாது, வீடு தான் தேடுவாங்க. எங்க மேல் போர்ஷனுக்கு முதல்ல வந்தது ஜார்கண்ட் குடும்பம், ஒரு மாசம்னு வந்து எட்டு மாசம் இருந்தாங்க. அந்தம்மா மொட்ட மாடில கடுகெண்ண ஊறுகா போட்டு வெயில்ல வைப்பாங்க, பாட்டில ஒண்ணு இன்னும் எங்க வீட்டுல கெடக்கு. ஆனா நோயாளி வீட்டுக்காரங்ககிட்ட வாடக ஏத்த வாய் வராது, அத நஷ்டம்னு தான் எழுதிக்கணும்.

வேலூர்லயே சத்துவாச்சாரி எப்படின்னு கேப்பீங்க. ஹவுசிங் போர்டு ஃபேஸ்கள், கலெக்டர் ஆபீஸ், ஹைவே எல்லாம் கைக்கெட்டுற தூரம், உத்தியோகஸ்தங்க ஜாஸ்தி. நான் அங்க இருந்ததில்ல, அதனால மேற்கொண்டு பேசல.

இவ்ளோ சொல்லியும் காட்பாடி தான் வேணும்னா, ரயில்வே மேம்பாலத்துக்கு எந்தப் பக்கம்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. 2022ல ரிப்பேருக்கு பாலத்த மூடினப்ப மச்சான் வீட்டுக்கு சுத்திகினு போய் சேர்றதுக்குள்ள வாங்கினு போன ஐஸ்கிரீம் பாயசம் ஆயிடுச்சு.