ஜொயிஸ்டை வெட்டாமல் வைத்த ஷவர் வடிகால்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டின் பின்

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில், 1970களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் மேல்மாடிக் குளியல் தொட்டியை 2018 ஆம் ஆண்டில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நின்று குளிக்கும் ஷவர் ஒன்றை அமைத்தோம். முழங்கால் வலியினால் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க அம்மாவால் முடியாமற்போனதே அதற்குக் காரணம். அன்றிலிருந்து நாள்தோறும் நான்கு பேர் பயன்படுத்திவரும் அந்த ஷவரின் வடிகாலைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். ரைலின் நிறமும் குழாயின் அழகும் எவரும் விரும்பியபடி மாற்றக்கூடியவை. வடிகால் எங்கே வரவேண்டும் என்பதைத் தரைக்குக் கீழே இருக்கும் மரந்தான் தீர்மானிக்கிறது என்பதை நான் பிந்தியே அறிந்தேன்.

ஊரில் சீமெந்துத் தரையில் வளர்ந்த நம்மில் பலருக்கு இங்குள்ள தரையின் அமைப்புப் பழக்கமில்லை. ஒட்டுப்பலகைக்குக் கீழே, மத்திக்கு மத்தி 16 அங்குல இடைவெளியில், ஜொயிஸ்ட் எனப்படும் தாங்குமரங்கள் வரிசையாக ஓடுகின்றன. எங்கள் வீட்டில் அவை 38 மில்லிமீற்றர் தடிப்பும் 235 மில்லிமீற்றர் உயரமும் கொண்டவை. கடையில் 'டூ பை டென்' என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். ஷவருக்குக் கிடைத்த இடம் 60 அங்குல நீளமும் 32 அங்குல அகலமும். நடுவில் வடிகால் வைப்பதென்றால் சுவரிலிருந்து 16 அங்குலம் அளக்க வேண்டும். பலகையைக் கிளப்பியபோது, நீளப்பாட்டில் ஓடிய ஒரு ஜொயிஸ்ட் சரியாக அந்த 16 அங்குலத்திலேயே நின்றது.

அதனிலும் கவலையான ஒன்றையும் அங்கு கண்டோம். பழைய தொட்டியின் வடிகாலுக்கு இடம் விடுவதற்காக, முன்பு எவரோ அந்த ஜொயிஸ்டின் மேற்பக்கத்தை ஏறக்குறைய நான்கு அங்குல ஆழத்துக்கு அரிந்து எடுத்திருந்தார்கள். வெட்டின் மூலையிலிருந்து மரத்தின் இழையோடு ஒரு மெல்லிய வெடிப்பு ஒரு சாண் தூரம் ஓடியிருந்தது; விரல் நகத்தை வைத்தால் உள்ளே இறங்கியது. கீழே சாப்பாட்டறைக் கூரையில் ஒவ்வோர் ஆண்டும் பூசிப் பூசி மீண்டும் தோன்றிய கீறலுக்கு விளக்கம் அப்போதுதான் கிடைத்தது. மரத்தின் வளைவைத் தாங்கும் வலிமை அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 235 மில்லிமீற்றரில் 100 போய்விட்டால், அந்த இடத்தில் மீந்திருப்பது பழைய வலிமையின் மூன்றிலொரு பங்கே.

வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. "அண்ணை, ஏற்கெனவே வெட்டின மரந்தானே, இன்னும் கொஞ்சம் வெட்டினால் வடிகால் நடுவிலேயே வரும். மேலே ரைல் போட்ட பிறகு ஆருக்குத் தெரியும்?" என்றார். "தம்பி, கீழே இருந்து சாப்பிடுறது என்ரை பிள்ளையள்" என்று சொல்லி வேலையை நிறுத்தினேன். பொறியியலாளர் ஒருவரின் வரைபடத்துடன் மாநகரசபை அனுமதி பெற்று, காயப்பட்ட ஜொயிஸ்டோடு அதே அளவுள்ள புதிய மரத்தைப் பசையும் போல்ட்டும் கொண்டு இணைத்தோம். வடிகாலுக்கு இடம் தேவைப்பட்டதால், அதன் மறுபக்கத்தில் மட்டுமே புதிய மரம் வைக்கப்பட்டது.

அடுத்ததாகக் குழாய். கனடாவின் கட்டட விதிப்படி, ஜொயிஸ்டில் துளைக்கும் ஓட்டை அதன் உயரத்தின் நான்கிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. மேல், கீழ் விளிம்புகளிலிருந்து 50 மில்லிமீற்றராவது தள்ளியிருக்கவும் வேண்டும். எங்கள் மரத்தில் நான்கிலொன்று என்பது 58 மில்லிமீற்றர். ஏபிஎஸ் எனப்படும் கறுப்புப் பிளாஸ்ரிக் வடிகுழாயில் இரண்டு அங்குலத்தின் வெளிவிட்டமோ 60 மில்லிமீற்றர். ஒன்றரை அங்குலக் குழாய் அதற்குள் போகும். 184 மில்லிமீற்றர் உயரமுள்ள 'டூ பை எயிட்' மரமாக இருந்தால் அந்த ஒன்றரை அங்குலக் குழாய்கூடப் போகாது. மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்துப் புதிய வீடுகளில் பெரும்பாலும் ஐ வடிவ ஜொயிஸ்ட்கள் உள்ளன; அவற்றின் நடுப்பலகையில் உற்பத்தியாளரின் அட்டவணைப்படி துளைக்கலாம், மேல், கீழ்ச் சட்டங்களை மட்டும் தொடவே கூடாது.

எனக்கு இரண்டு அங்குலக் குழாயே வேண்டியிருந்ததால், ஜொயிஸ்டைக் குறுக்கே கடக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டோம். வடிகாலை நடுவிலிருந்து நான்கரை அங்குலம் தள்ளி, இரண்டு ஜொயிஸ்ட்களுக்கு இடைப்பட்ட வெளியில் பி-ட்ராப்பை (சிறிது நீரைத் தேக்கிவைத்துச் சாக்கடை மணம் மேலே வராமல் தடுக்கும் வளைகுழாயை) இறக்கி, மரத்துக்குச் சமாந்தரமாகவே குழாயைச் சுவர்வரை கொண்டுபோனோம். 50 பங்கு தூரத்துக்கு 1 பங்கு சரிவு என்ற கணக்கில், ஒன்றரை மீற்றர் தூரத்துக்கு 30 மில்லிமீற்றர் இறக்கம் வந்தது. ட்ராப்பிலிருந்து, வடிகுழாய்க்குள் காற்றை விடும் காற்றுக்குழாய் வரையிலான இறக்கம் குழாயின் விட்டத்தைத் தாண்டினால் ட்ராப்பிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால், அதையும் அளந்தே வைத்தோம். ரைல் பதிக்குமுன் வடிகாலை அடைத்து, நீரை நிரப்பி, பென்சிலால் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விட்டோம். கோடு அசையவில்லை.

இந்த ஏழு ஆண்டுகளில் நீர் ஒருநாளும் தேங்கியதில்லை. ரைல் இடுக்கில் ஒரு வெடிப்பும் இல்லை. சாப்பாட்டறைக் கூரையின் கீறலும் திரும்பவில்லை. கூரையில் ட்ராப்புக்கு நேர்கீழே ஒரு சிறு திறப்புப் பலகை வைத்திருப்பதால், ஆண்டுக்கொருமுறை கைவிளக்குப் பிடித்து மூட்டுகளைப் பார்க்கிறேன். இதுவரை ஈரம் இல்லை. மயிர் அடைப்புக்கு, இரண்டு வாரத்துக்கொருமுறை வடிதட்டைக் கிளப்பித் துடைப்பது போதுமாக இருக்கிறது. ஒருமுறை குளிர்காலத்தில் எல்லோரும் இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போய்த் திரும்பியபோது மேல்மாடி முழுவதும் சாக்கடை மணம். ஹீற்றர் ஓடிய வீட்டின் வறண்ட காற்றில் ட்ராப்பிலிருந்த நீர் வற்றியிருந்தது. ஒரு வாளி நீர் ஊற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது பயணத்துக்குமுன் வடிகாலில் சிறிது பேபி ஒயில் விடுகிறேன். அது நீரின்மேல் படர்ந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது.

குறையென்று நான் உண்மையாகவே சொல்லக்கூடியது தரையின் சரிவு. தூரத்து மூலையிலிருந்து நூற்றுக்கு இரண்டு என்ற சரிவு வேண்டுமென்பதால் ஓரம் முழுவதும் வடிகாலைவிட 18 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கிறது. வடிகால் ஒருபக்கம் தள்ளியிருப்பதால், கிட்டிய சுவரிலிருந்து பதினொன்றரை அங்குலத்துக்குள்ளேயே அந்த உயரம் இறங்க வேண்டும். அங்கே சரிவு நூற்றுக்கு ஆறைத் தாண்டுகிறது. கடையில் சரிவோடு வரும், நடுவில் துளையுள்ள ஆயத்தத் தரைத்தட்டு பொருந்தாமல், சாந்தை வெட்டுக்கரண்டியால் கையாலேயே சரித்துப் போட்டதும், இரண்டு அங்குலச் சிறு ரைல்களையே பதிக்க வேண்டியிருந்ததும் இதனால்தான். அம்மாவின் பாதம் அந்தச் சரிவை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது. பிளாஸ்ரிக் கதிரையை மறுபக்கத்தில் போட்டே அவர் குளிக்கிறார்.

இன்று செய்வதானால், குழாய் இறங்கும் சிறிய சுவரோரமாக, வாய்க்கால்போல் நீண்டிருக்கும் நீள்வடிகால் ஒன்றை வைத்து, தரை முழுவதையும் ஒரே திசையில் சரிப்பேன். அப்போது தூரத்துப் பக்கம் 30 மில்லிமீற்றர் உயரும். ஆனால் சரிவு எங்கும் ஒரே அளவாக இருக்கும், பெரிய ரைலும் பதிக்கலாம். வாங்கும்போது அதன் வெளிவாய் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளியிருக்கும் வகையாகப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ளதை வாங்கினால் அது மீண்டும் அதே 16 அங்குலத்து ஜொயிஸ்டின்மேல்தான் வந்து நிற்கும்.