ஓப்பன்சோஷியல்ல ஆப் எழுதின அனுபவம்: 5க்கு 3

ஓப்பன்சோஷியல்னா சோஷியல் நெட்வொர்க் சைட்டுக்குள்ள ஓடுற ஆப் எழுத வந்த பொது ஸ்டாண்டர்டு. 2007 நவம்பர்ல கூகுள் இத விட்டப்போ ஆர்குட், மைஸ்பேஸ், ஹை5, நிங்னு எல்லா சைட்டுக்கும் ஒரே ஏபிஐ (ஆப் சைட்டுகிட்ட தகவல் கேக்குற வழி), ஒருதடவ எழுதினா போதும்னு சொன்னாங்க, நானும் நம்பி ஒரு பர்த்டே ஆப் எழுத உக்காந்தேன்.

ஆரம்பிக்கிறது செம ஈசிங்க. ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், உள்ள ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், அவ்ளோதான். ப்ரொஃபைல் யாரோடதோ அவர் ஓனர், பாக்குறவர் வியூவர், இந்த ரெண்டும் புரிஞ்சிட்டா பாதி வேல முடிஞ்சுது. ஆனா ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட் கேட்டா 20 பேர்தான் வருது, ஒரு ராத்திரி பூரா கோட தேடினதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அதிகபட்சம் எத்தன பேர் வேணும்னு மேக்ஸ்ல நாமளே குடுக்கலன்னா டீஃபால்ட்டே 20தானாம்!

அடுத்த தலைவலி, பொறந்தநாள் ஃபீல்ட் ஸ்டாண்டர்டுல இருக்கு, ஆனா சைட்டுங்க அத தரணும்னு கட்டாயம் இல்ல. ஒரு சைட்ல சூப்பரா ஓடின ஆப் இன்னொன்னுல வெறும் வெள்ளையா நின்னுச்சு (அந்த சைட் பேர் வேணாம், விடுங்க). கடைசில சைட்டுக்கு ஒரு இஃப் கண்டிஷன் போட்டுத்தான் ஓட்டினேன், அப்புறம் எதுக்குங்க பொது ஸ்டாண்டர்டு?

கத்துக்க நல்லா இருந்துச்சு, அதுக்குத்தான் 3. 2014 செப்டம்பர் 30ல ஆர்குட்டையே மூடிட்டாங்க, என் ஆப்பும் அதோட போச்சு.