அரியமான் பக்கம் கடற்கரை வீடு எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து சனி ஞாயிறுக்குக் கடற்கரை வீடு பிடிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள். எங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வீடு தராமல் ஏமாற்றிய ஏஜெண்டின் பெயரை இங்கே போடவில்லை. ஆளுக்கொரு பெயர் சொல்கிறார், எண்ணையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார். அதனால் அவர் வேலை செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

நமக்குக் கடல் என்றால் தொண்டி, தேவிபட்டினம், இல்லாவிட்டால் ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளிப் பக்கத்து அரியமான். பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் அங்கே அலை பெரிதாக இருக்காது. சவுக்கு நிழலும் உண்டு. கல்லூரிக் கூட்டாளிகள் எல்லாரும் ஒன்றாக இரண்டு நாள் இருக்கலாம் என்று முடிவானது. ஒருத்தன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான், மூன்று பேர் சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸில் கிளம்பினார்கள். இணையத்தில் படம் பார்த்துப் பிடித்த வீடு, நாளுக்கு 12,000 ரூபாய். முன்பணம் 10,000. பணம் போகும்வரை ஏஜெண்ட் தினமும் போன்தான். "அண்ணே, மீன் வாங்கி வைக்கச் சொல்லவா? அண்ணே, வரும்போது அடுப்புக்கரி மட்டும் கொண்டாந்துருங்க" என்று அவ்வளவு அக்கறை. பணம் போனதும் பேச்சு நின்று மெசேஜ் மட்டும் வர ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது இது: "சாரி. அம்மா தவறிட்டாங்க. ஓனரோட அம்மா. வீடு இந்த வாரம் தர முடியாது. அட்வான்ஸ அடுத்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டால் பிஸி, அப்புறம் சுவிட்ச் ஆஃப். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் போனில் சொல்வார்கள், பக்கத்து ஊர் என்றால் இன்றும் ஆள் விட்டுச் சொல்வார்கள். ஆனால் சாவு என்று ஒருவர் எழுதிவிட்டால் அதற்கு மேல் யார் வாயைத் திறந்து பணத்தைக் கேட்பது? அந்த ஆள் நம்பியிருந்தது அதைத்தான். நாங்களும் "ஆழ்ந்த இரங்கல்" என்று பதில் போட்டோம்.

ரயிலில் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று அந்த மெசேஜை அப்படியே குரூப்பில் தள்ளிவிட்டேன். விருத்தாசலம் தாண்டி ஏதோ ஒரு இடத்தில், சிக்னல் வந்தும் வராமலும், என் பெயருக்குக் கீழே முதல் வரியை மட்டும் பார்த்திருக்கிறான் ஒருத்தன்: சாரி, அம்மா தவறிட்டாங்க. என் எண்ணுக்குப் போட்டிருக்கிறான். நான் ஏஜெண்டைத் துரத்திக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. அப்பா எண்ணுக்குப் போட்டிருக்கிறான். எடுத்தது அம்மா. இவன் குரல் உடைந்து "எப்படி ஆச்சு?" என்று அழ, அம்மா, "ஆருப்பா அது? நான் நல்லாத்தேன் இருக்கேன், நீ ஏன் அழுகுற?" என்று கேட்க, அவன் போனை வைத்துவிட்டான். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரக் கூச்சப்படுகிறான். கெட்ட சேதியை யார் எழுதினாலும், யாருக்கு என்ன ஆனது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ராமநாதபுரத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் நடுராத்திரியில் காரைக்குடியிலேயே இறங்கினார்கள். எங்கள் வீட்டு வளவில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில், தங்க முடியாவிட்டால் என்ன, கடலில் ஒரு குளியலாவது போட்டு வருவோம் என்று கிளம்பினோம். அம்மா கொடுத்த சீயமும் தேன்குழலும் ராமநாதபுரம் போவதற்குள் காலி.

வழியில்தான் அந்த வீடும் என்பதால் எட்டிப் பார்த்தோம். துட்டி வீட்டுக்காரருடைய வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. வாசலில் மதுரைப் பதிவெண்ணோடு இரண்டு கார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் மெதுவாக விசாரித்தோம். "பெரியாத்தாவா? நேத்துச் சாயங்காலங்கூட போன்ல பேசுச்சே, தேங்காய் வெட்டுக்கு ஆளு வந்துச்சான்னு" என்றார்.

மதுரைக்காரர்கள் நல்ல மனிதர்கள், உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். திங்கட்கிழமையும் விடுமுறை என்பதால் அவர்களிடம் நாளுக்கு 18,000 வாங்கியிருக்கிறார் அதே ஏஜெண்ட். போன தடவை அவர்களுக்கும் இப்படித்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ் வந்ததாம், மோட்டார் ரிப்பேர் என்று. கணக்கு புரிகிறதா? தொடர் விடுமுறைக்கு இரண்டு மூன்று பேரிடம் முன்பணம் வாங்கிக்கொள்வது. கூடுதலாகக் கொடுப்பவருக்கு வீடு. மற்றவர்களுக்கு, வேறு இடம் தேடவே முடியாத நேரமாகப் பார்த்து ஒரு கெட்ட சேதி. அந்தப் பணம் அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம் என்று அவர் கையிலேயே சுற்றும். வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியுமா என்பது வேறு கதை.

வீட்டுக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பழைய மெசேஜ்களை எல்லாம் "அனைவருக்கும் நீக்கு" போட்டு அழித்துவிட்டார். நல்லவேளை, குரூப்பில் தள்ளியது அப்படியே கிடந்தது. இப்படி ஒரு மெசேஜ் வந்தால் முதல் வேலையாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், சண்டையெல்லாம் அதற்கு அப்புறம்.

அன்று மாலையே ரீஃபண்ட் என்று ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் 10,000 வந்துவிடுமாம்! எங்களில் ஒருத்தன் வங்கியில் வேலை பார்ப்பவன், போனைப் பிடுங்கிவிட்டான். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியேதான் போகும். முதல் மெசேஜுக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான். இந்த க்யூஆர் கோடைப் பார்த்த பிறகுதான் ஆள் எவ்வளவு தூரம் போவார் என்று தெரிந்தது.

இப்படி இணையவழியில் பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வீடு தராமல் ஏமாற்றியது நுகர்வோர் புகார், அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. நானும் இரண்டுக்கும் கூப்பிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இதை எல்லாம் எழுதி, புகார் எண்ணையும் சேர்த்து ஏஜெண்டுக்கு அனுப்பிய பிறகு 6,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது. மீதி 4,000-க்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீடு பிடிக்கும்போது ஏஜெண்டோடு நிறுத்தாமல், அங்கே இருக்கும் காவலாளியோடு வீடியோ காலில் பேசவைக்கச் சொல்லுங்கள். தேதி, வாடகை, வீடு தராவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வியாழக்கிழமை காலையில் காவலாளிக்கே ஒரு போன் போட்டு, நாம் தங்கப்போகும் தேதிக்கு யார் பெயர் சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். இதற்கெல்லாம் "நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று ஏஜெண்ட் கோபித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், வேறு வீடு கிடைக்கும்.

அதே வீட்டுப் படங்கள் வேறு எண்ணோடு பொங்கல் விடுமுறைக்கு மறுபடி ஓடிக்கொண்டிருக்கின்றன. நீலக் கதவு, திண்ணையில் மூங்கில் ஊஞ்சல், பின்னால் மூன்று தென்னை. கண்ணில் பட்டால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.