டேம்2: கற்றல் சோதனைக்கு முன் ஈயின் கடிகாரத்தைச் சரிபார்க்கும் கருவி

மணத்தையும் மின்னதிர்ச்சியையும் இணைத்துக் கற்கும் பழ ஈக்கு, குறுகியகால நினைவு இரவின் முற்பகுதியில்தான் உச்சத்தில் இருக்கும். உடலின் உள்கடிகாரத்தை ஓட்டும் பீரியட், டைம்லெஸ் மரபணுக்கள் செயலிழந்த ஈக்களில் அந்த ஏற்ற இறக்கமே கிடையாது. மடேரா கரப்பானில் வேறுபாடு இன்னும் கூர்மை: மாலையில் பயிற்றினால் மணத்தைக் கற்கும், காலையில் பயிற்றினால் கற்காது. எனவே பயிற்சி நேரத்தைக் குறிப்பதற்கு முன், ஈக்களின் உள்கடிகாரம் வளர்ப்புப் பெட்டியின் விளக்கோடு ஒத்து ஓடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டிரைகைனெடிக்ஸ் நிறுவனத்தின் டேம்2, அதாவது ஈக்களின் நடமாட்டத்தை எண்ணும் மானிட்டர், அதற்குத்தான்.

ஒரு மானிட்டரில் 32 கண்ணாடிக் குழாய்கள். குழாய்க்கு ஓர் ஈ. நடுவில் செல்லும் அகச்சிவப்புக் கதிரை ஈ கடக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறும். 5% சுக்ரோஸும் 2% அகாரும் கலந்த உணவை ஒரு முனையில் இறுகவைத்து, அந்த முனையைப் பாரஃபின் மெழுகால் மூடுங்கள். மெழுகில் ஓட்டை இருந்தால் உணவு காய்ந்து, ஈ சில நாளில் செத்துவிடும். மறுமுனைக்குப் பஞ்சு. ஆண் ஈக்களே நல்லது. கருவுற்ற பெண் முட்டையிட்டால், புழுக்கள் உணவைக் குடைந்து கணக்கையும் கெடுக்கும். மயக்கம் கொடுத்த முதல் நாள் தரவை விட்டுவிடுங்கள். 12 மணி ஒளி, 12 மணி இருளில் மூன்று நான்கு நாள், பிறகு தொடர் இருளில் ஒரு வாரம் ஓட்டினால் கடிகாரத்தின் காலஅளவு தெளிவாகத் தெரியும்: இயல்பான ஈக்கு ஏறக்குறைய 24 மணி, பீரியட் மரபணுவில் காலஅளவைக் குறுக்கும் மாற்றம் உள்ள ஈக்கு ஏறக்குறைய 19 மணி.

குறை, ஒற்றைக் கதிர். ஐந்து நிமிடம் கதிரைக் கடக்காவிட்டால் உறக்கம் என்பது வழக்கமான கணக்கு. உணவருகே நின்று தின்னும் ஈயும் உறங்குவதாகவே பதிவாகும். உறக்கமிழப்பு கற்றலை எப்படிப் பாதிக்கிறது என்பது உங்கள் கேள்வியானால் இது போதாது, பலகதிர் மானிட்டர் வாங்குங்கள்.

குழாயில் இருந்த ஈக்களையே பயிற்சிக்கு எடுக்காதீர்கள். தனிமையும் வேறு உணவும் முடிவைக் கலைக்கும். அதே தொகுதியில் பிறந்த, அதே பெட்டியில் கூட்டமாக வளர்ந்த ஈக்களைப் பயன்படுத்துங்கள். எதிரெதிர் ஒளிநேரம் வைத்த இரண்டு பெட்டிகள் இருந்தால், பகல் குழுவையும் இரவுக் குழுவையும் ஒரே மணிநேரத்தில் பயிற்றலாம். இரவுக் குழுவை மங்கிய சிவப்பு விளக்கில் மட்டும் கையாளுங்கள். இரவின் தொடக்கத்தில் ஒருமுறை வெள்ளை ஒளி பட்டால் கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்படும். நினைவு உச்சம் தொடுவதும் ஏறக்குறைய அதே வேளையில்தான்.