மனச்சோர்வுக் கேள்வித்தாள்கள்: எதை, யாருக்கு, எந்த மதிப்பெண்ணில் நம்புவது?

மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாள்களை ஒப்பிடும்போது பலரும் கேட்பது, "எது துல்லியமானது?" என்பதுதான். அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறு: எந்த வெட்டு மதிப்பெண்ணில் (அதாவது, எந்த எண்ணிலிருந்து 'மனச்சோர்வு இருக்கலாம்' என்று கொள்கிறோமோ அந்த எல்லையில்), எப்படிப்பட்ட மக்களிடம்? நன்கு ஆராயப்பட்ட தாள்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறியது. ஒரே தாளில் வெட்டு மதிப்பெண்ணை இரண்டு மூன்று புள்ளி நகர்த்தினால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரியது.

நோயாளி தானே நிரப்பும், அதிகம் பயன்படும் பிஎச்கியூ-9 தாளிலிருந்து தொடங்கலாம். 2001-ல் வெளியானது, இலவசம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் 'மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டியவர்' என்று கொள்வது வழக்கம். 58 ஆய்வுகளின் தரவுகளை ஒருங்கிணைத்து 2019-ல் வெளியான பகுப்பாய்வில், மருத்துவர் நேரில் நடத்தும் நேர்காணலோடு ஒப்பிட்டபோது, இந்த வெட்டில் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதம் பேர் பிடிபட்டார்கள். இல்லாதவர்களில் 85 சதவீதம் பேர் சரியாக விலக்கப்பட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்களை ஆயிரம் பேருக்குப் பொருத்திப் பாருங்கள். அவர்களில் 100 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாள் 88 பேரைப் பிடிக்கும், 12 பேரைத் தவறவிடும். மீதி 900 பேரில் 135 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, பத்தை எட்டிய 223 பேரில் உண்மையில் மனச்சோர்வு உள்ளவர்கள் 40 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதே தாளை, ஆயிரத்தில் 300 பேருக்கு மனச்சோர்வு இருக்கும் ஒரு குழுவில் கொடுத்தால் அந்த விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். தாள் மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். பத்தை எட்டியவர்களை எண்ணி "இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு" என்று அறிக்கை எழுதுவது ஏன் தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது. அந்த எண் பெரும்பாலும் உண்மை அளவைவிடப் பெரிதாகவே வரும்.

நேரம் குறைவான இடங்களில் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கும் பிஎச்கியூ-2 உண்டு: ஆர்வமின்மை, மனம் தாழ்ந்திருத்தல். மொத்தம் 6. மூன்றில் வெட்டினால் நோயுள்ளவர்களில் 72 சதவீதம் பேர்தான் பிடிபடுகிறார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல் நழுவிவிடுகிறார்கள். இரண்டில் வெட்டினால் 91 சதவீதம் வரை பிடிபடுகிறார்கள். ஆனால் நோயில்லாதவர்களில் மூன்றில் ஒருவர் வீணாகச் சிக்குகிறார். தனியாக இதை நம்ப வேண்டாம். வாயிற்படியாக வைத்தால் நன்றாக வேலை செய்கிறது: மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்கு மட்டும் முழு பிஎச்கியூ-9. இந்த இரண்டு படியில் பிடிக்கும் திறன் 82, விலக்கும் திறன் 87 சதவீதம். முழுத் தாளை நிரப்ப வேண்டியவர்கள் பாதிக்கும் மேல் குறைகிறார்கள். பொது மருத்துவப் பிரிவுக்கு எங்கள் தேர்வு இதுதான், ஒரு நிபந்தனையோடு. தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வி வாயிற்படியில் நின்றவர்களைச் சென்றடையாது. ஆபத்து இருக்கலாம் என்று தோன்றும் எவரிடமும் அதை நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்.

உடல்நோய் உள்ளவர்களிடம்தான் பிஎச்கியூ-9 தடுமாறுகிறது. தூக்கம், களைப்பு, பசி, அசைவு மந்தம் என நான்கு கேள்விகள் உடலைப் பற்றியவை. இதயச் செயலிழப்பு உள்ள ஒருவர் தூக்கத்துக்கு 3, களைப்புக்கு 3, பசிக்கு 2, மந்தத்துக்கு 2 போட்டாலே பத்து வந்துவிடும். மனம் பற்றிய முதல் இரண்டு கேள்விகளுக்கும் அவர் 0 போட்டிருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோகிற இடம் இது. மருத்துவமனை நோயாளிகளுக்காக 1983-ல் உருவான எச்ஏடிஎஸ் என்ற கேள்வித்தாள் இத்தகைய அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. மனச்சோர்வுக்கு 7, பதற்றத்துக்கு 7 கேள்விகள். அதனால் துல்லியம் கூடிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மனச்சோர்வுப் பகுதியில் 7-ல் வெட்டினால் பிடிக்கும் திறன் சுமார் 82, விலக்கும் திறன் சுமார் 78 சதவீதம். பழைய வழக்கப்படி 11-ல் வெட்டினால் தவறவிடுபவர்கள் ஏராளம்.

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் 1987-ல் வந்த எடின்பரோ தாள், இபிடிஎஸ், பொருத்தமானது. அந்தக் காலத்தில் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் உள்ளது. இந்தத் தாள் வெறும் தூக்கத்தைக் கேட்காமல், மனவருத்தத்தால் தூங்க முடியவில்லையா என்று கேட்கிறது. கடந்த 7 நாட்கள், 10 கேள்விகள், மொத்தம் 30. பதின்மூன்றில் வெட்டினால் விலக்கும் திறன் 95 சதவீதம். ஆனால் பிடிபடுவது 66 சதவீதம் மட்டுமே. பதினொன்றில் பிடிக்கும் திறன் 81, விலக்கும் திறன் 88. கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் 13-ஐ விட்டுவிட்டு 11-க்கு வாருங்கள். தவறவிடுவதை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் 10. கூட்டும்போது கவனம் வேண்டும்: 1, 2, 4 ஆகிய கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3, மற்ற ஏழுக்கும் மேலிருந்து 3, 2, 1, 0. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே திசையில் கூட்டி, ஆபத்தில் இருப்பவரை நலமானவராக வீட்டுக்கு அனுப்பிவிட முடியும்.

மனநல மருத்துவர் பெக்கின் மனச்சோர்வுக் கேள்வித்தாளான பிடிஐ-2 (1996) 21 தொகுதிகள் கொண்டது, மொத்தம் 63, காசு கொடுத்து வாங்க வேண்டும். சோர்வின் ஆழத்தை அளக்க நல்லது. கூட்டத்தில் சலித்தெடுக்க நீளம் அதிகம். முதியவர்களுக்கான ஜிடிஎஸ்-15 ஆம்/இல்லை என்று மட்டும் கேட்பதால் எளிது; மறதிநோய் முற்றியவர்களிடம் அதன் விடைகளை நம்ப முடியாது.

ஆய்வுக் கட்டுரைகளில் 95 சதவீதம் என்று பளிச்சிடும் எண்ணைக் கண்டால் இரண்டைச் சோதியுங்கள். சிறிய குழுவின் தரவைப் பார்த்தபிறகு, அதற்கு மிகச் சாதகமான வெட்டைத் தேர்ந்தார்களா? ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டார்களா? இரண்டுமே துல்லியத்தை ஊதிக் காட்டும். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவர்களிடம் அது கிடைக்காது.

நிரப்பிய பிஎச்கியூ-9 தாளைக் கையில் வாங்கியதும் முதலில் ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். மொத்தம் 4 ஆக இருந்தாலும், அங்கே 0 தவிர வேறு எது இருந்தாலும் அன்றே, தனியறையில், எண்ணம் மட்டுமா, திட்டமும் உண்டா, கைக்கெட்டும் தூரத்தில் வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அடுத்து, அந்த ஒன்பதுக்குப் பின் தனியாக வரும், அன்றாட வேலைகள் எவ்வளவு கடினமாகின என்ற கடைசிக் கேள்வி. அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் பலர் அதைப் படிப்பதே இல்லை. 11 எடுத்து எல்லா வேலையும் செய்பவரையும், 11 எடுத்துப் படுக்கையை விட்டு எழாதவரையும் பிரித்துக் காட்டுவது அதுதான். பிறகு நேர்காணலில் தைராய்டு, இரத்தசோகை, அண்மை இழப்பு, மது ஆகியவற்றோடு, அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கம் தேவைப்படாத நாட்களும் எப்போதாவது வந்ததுண்டா என்றும் கேளுங்கள். இருதுருவ நோயில் வரும் சோர்வும் இதே மதிப்பெண்ணைத்தான் தரும். அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலை மோசமாகக்கூடும்.