கொல்லிமலையில் பி.எஸ்.என்.எல். ஃபைபர்: எடுக்கலாமா?

செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, சிட்டா என எதற்கும் இணையம் வேண்டும். மலையில் பி.எஸ்.என்.எல். ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்பு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக எடுக்கலாம்.

நான் எடுத்தது மாதம் 449 ரூபாய்த் திட்டம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 530 ரூபாய் ஆனது. வேகம் 30 எம்.பி.பி.எஸ்.; மாதம் 3,300 ஜி.பி. தாண்டினால் வேகம் குறையும். நாள் முழுக்க ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றினாலும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட நான் போவதில்லை.

முன்பு வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட டாங்கிளை வைத்துக்கொண்டு பட்ட பாடு சொல்லி மாளாது. கைப்பேசிக் கோபுரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மலைமேடு. சன்னல் ஓரத்தில் வைத்தால்தான் சிக்னல் ஒரு கோடு தெரியும். கட்டணம் செலுத்தும் நேரம் பார்த்துப் பக்கம் அப்படியே நின்றுவிடும். பணம் போனதா இல்லையா என்றே தெரியாது. மிளகு பறிக்கும் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ‘நாளை வாருங்கள்’ என்று சொல்லும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

ஃபைபரில் போவது மின்சாரமல்ல, ஒளி. தாமிரக் கம்பிக் காலத்தில் இடி இடித்தால் கம்பி வழியே மின்சாரம் ஏறி மோடம் கருகிவிடும். இப்போது அந்தக் கம்பிவழிப் பயம் இல்லை. வழியில் கம்பங்களில் இருந்து இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் பெட்டிகளுக்கும் மின்சாரம் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் மின்சாரம் இருந்து, நம் மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். இருந்தால் போதும், ஊர் இருட்டில் கிடந்தாலும் வேலை நடக்கும். மலையில் இருப்பவர்கள் அந்த யு.பி.எஸ். செலவுக்கு யோசிக்க வேண்டாம்.

இங்கே ஃபைபருக்கு எதிரி மரக்கிளைதான். சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தால் கேபிள் அறுந்து, மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். இந்த இடத்தில்தான் சேவையின் உண்மையான தரம் தெரிகிறது. வருவாயில் பங்கு கொடுத்து உள்ளூர் கேபிள் டி.வி.க்காரர்களையே பி.எஸ்.என்.எல். கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறது. எங்களுக்கு வாய்த்த தம்பி இந்த மலைக்காரர். நாமக்கல்லிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி யாரும் வர வேண்டியதில்லை. தார்ப்பாயை விரித்து உட்கார்ந்து, கேபிள் உறையை உரித்து, தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழையை ஸ்பிரிட்டில் துடைத்து வெட்டுகிறார். இரண்டு முனைகளையும் இயந்திரத்தில் வைத்தால், சின்னத் திரையில் அவை நேருக்கு நேர் வருவது தெரிகிறது; ஒரு பொறி, இழை ஒட்டிக்கொள்கிறது. பிறகு மீட்டரை வைத்து, வந்துசேரும் ஒளியின் வலுவை அளந்து, மைனஸ் 19 காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு தடுமாறும். புதிதாக எடுப்பவர்கள் இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சிகளுக்கு இணையம் தரும் பாரத்நெட் திட்டம், தமிழ்நாட்டில் அதை நடத்தும் டான்ஃபிநெட் நிறுவனம் என்று அரசு 12,525 ஊராட்சிகளுக்கும் கேபிள் கொண்டுபோகத் திட்டமிட்டது பெரிய காரியம். ஆனால் ஊராட்சி அலுவலகத்தோடு கேபிள் நின்றுவிட்டால் குடும்பங்களுக்கு என்ன பயன்? வீடுவரை இழுக்கவும் அறுந்தால் ஒட்டவும் ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். அவருக்கு அதில் பிழைப்பும் இருக்க வேண்டும்.

ஃபைபரால் தீராத குறை ஒன்று உண்டு. இ-சேவையில் புதிதாகப் பதிவு செய்ய ஓ.டி.பி. வேண்டும், அது குறுஞ்செய்தியாகக் கைப்பேசிக்குத்தான் வரும். பொத்தான் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் என் மேசைமேல் இணையம் பாய்ந்துகொண்டிருக்க, சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுகிறார்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடுகிறது. சிக்னல் இல்லாத ஊர்களுக்குக் கைரேகையை ஏற்றுக்கொண்டால் அவர்கள் மேடு ஏற வேண்டியதில்லை. இதை அரசுதான் செய்ய வேண்டும்.

இணைப்புக்குப் பணம் கட்டுமுன் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரம் கேபிள் இழுக்க வேண்டும், அதற்கு யார் செலவு என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். கேபிள் மரங்களுக்கு நடுவே வருமானால் கிளைகளை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள்.